நாகஜோதியின் கையெழுத்துக்கு மேலே

கொடைக்கானலில் ஊராட்சிச் செயலர்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் பாண்டி விடாமல் அழைத்தார். மோட்டார் ஓடவில்லை என்று சொல்லத்தான் அவர் வழக்கமாக அழைப்பார் என்பதால் இரண்டு முறை துண்டித்தேன். மூன்றாவது முறை எடுத்து எரிந்து விழுந்தேன். "சார், மேக்க நல்ல மழை. நம்ம நாகஜோதிய ஓடை இழுத்துருச்சு சார்" என்றார். ஆள் பிழைத்துவிட்டதா என்று கேட்டேன். அவர் அழுதார்.

அது நடந்து இருபது நாளாகிறது. நாகஜோதிக்கு இருபத்து நான்கு வயது. எங்கள் ஊராட்சியில், ஓடைக்கு அக்கரையில் இருக்கும் சாமைக்காட்டைச் சேர்ந்தவர். நூறு நாள் வேலைக்குப் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தார். வேலைக்கு வந்தவர்களைப் படம் எடுத்துச் செல்போனில் ஏற்ற வேண்டும். சாமைக்காட்டில் சிக்னல் கிடையாது. ஓடையைத் தாண்டி இந்தப் பக்கத்து மேட்டில் ஏறினால்தான் கிடைக்கும். படம் ஏறாவிட்டால் அத்தனை பேருக்கும் அன்றைய வேலை இல்லை என்றாகிவிடும். அதற்காகத்தான் அன்றும் ஓடையில் இறங்கியிருக்கிறார்.

உயிரோடு இருந்தவரை அவரை நான் 'ஏம்மா', 'வாம்மா' என்றுதான் கூப்பிட்டேன். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அந்த மரியாதையை முன்பே கொடுத்திருக்கலாம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராம சபைக் கூட்டத்தில்தான் அவரை முதலில் பார்த்தேன். பழனியில் கல்லூரி முடித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். எங்கள் கிராம சபை நடக்கும் விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். சமுதாயக் கூடத்தில் டீயும் வடையும் வரும். அதோடு தீர்மானப் புத்தகமும் வரும். வந்தவர்கள் வடைக் கையைத் துடைத்துவிட்டு வெற்றுப் பக்கத்தின் கீழே கையெழுத்துப் போடுவார்கள். மேலே எழுத வேண்டியதை நான் சாயங்காலம் சாவகாசமாக எழுதிக்கொள்வேன். யாரும் தப்பாக நினைத்ததில்லை. எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார்.

அன்று புத்தகம் நாகஜோதியிடம் போனது. புரட்டிப் பார்த்துவிட்டு, "மேல ஒண்ணும் எழுதலையே சார், எதுக்குக் கையெழுத்து?" என்று கேட்டார்.

"எழுதிருவோம்மா, நீ போடு."

"எழுதுங்க சார். நான் உக்காந்திருக்கேன். எனக்கு வேற சோலி இல்ல."

நிஜமாகவே உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பசி. மற்றவர்கள் கிளம்பிப் போன பிறகு ஊராட்சித் தலைவரும் நானும் இந்தப் பெண்ணும்தான் மிச்சம். சாமைக்காட்டு ஓடைக்கு நடைபாலம் வேண்டும் என்றார். 'பரிசீலிக்கலாம் எனத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதினேன். "பரிசீலிக்கலாம்னு நான் சொல்லலையே சார், வேணும்னுதான சொன்னேன்" என்றார். அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். அதை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டார். நிறுத்தி நிதானமாக, முழுப் பெயரும் போட்டார்.

தலைவருக்கு வேடிக்கையாக இருந்தது. "ஏம்மா, நீ எந்தக் கட்சி?" என்றார். "எனக்குப் பிடிச்ச கட்சி ஒண்ணு இருக்குங்க. அதுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். உங்க கட்சி இல்ல. ஆனா ஓடையில எல்லாக் கட்சிக்காரரும்தான நனையுறாங்க" என்றார். தலைவர் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

பணித்தளப் பொறுப்பாளர் வேலைக்கு நான்தான் அவர் பெயரைச் சொன்னேன். நல்லெண்ணம் என்று நினைத்துவிடாதீர்கள். வேலை கொடுத்தால் வாய் அடங்கும் என்று கணக்குப் போட்டேன். வேலையை ஒரு குறையும் இல்லாமல் பார்த்தார். வாய் மட்டும் அடங்கவில்லை. தேர்தல் சமயத்தில் யாருக்கு ஓட்டுப் போடப் போகிறார், ஏன் போடுகிறார் என்று நாலு வரி எழுதி வாட்ஸப்பில் வைத்துவிட்டார். தலைவரின் ஆட்கள் என்னிடம் வந்து குதித்தார்கள். அவருடைய அப்பா செல்லையாவும் வந்தார். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை, எழுதப் படிக்கத் தெரியாது. "புள்ளைக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்க சார், எங்களுக்குப் பயமாக் கெடக்கு" என்றார்.

கூப்பிட்டுச் சொன்னேன். வேலை போய்விடும், அதை எடுத்துவிடு என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சார், நீங்க யாருக்கு ஓட்டுப் போடுவீங்கன்னு ஊருல யாருக்கும் தெரியாது. வீட்ல அக்காவுக்காவது தெரியுமா?" என்றார். கோபமாகத்தான் வந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தால், என் மனைவிக்கும் தெரியாது என்பதுதான் உண்மை. வேலை போகவில்லை. அந்த நாலு வரியையும் அவர் எடுக்கவில்லை.

பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கும் இளவட்டங்கள் ஏழெட்டுப் பேரோடு வந்து முன்வரிசையில் உட்காருவார். அதில் மூன்று பேர் அவருக்குப் பிடித்த கட்சிக்கு எதிர்க்கட்சியின் கரைவேட்டி கட்டுபவர்கள். வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே வருவார்கள். பாலம் என்று வந்தால் ஒரே குரல்தான். எனக்கும் பழகிவிட்டது. அவர் எதிரில் இருந்தால் எழுதிவிட்டுத்தான் புத்தகத்தை நீட்டுவேன்.

கடைசிக் கூட்டத்தைப் பற்றி எழுதத்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். கூட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் சாமைக்காட்டுக் கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு வலி எடுத்துவிட்டது. ஓடையைத் தாண்டித் தூக்கிவந்து ஜீப்பில் ஏற்றியிருந்தார்கள். கூடப் போக நாகஜோதியைக் கூப்பிட்டார்கள். வெளியே ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. ஓடிவந்து, "சார், பாலத்த எழுதிருவீங்கல்ல?" என்று கேட்டார்.

"எழுதிருவேம்மா. நீ போட்டுட்டு வெரசாப் போ."

போட்டார். வெற்றுப் பக்கத்தில் அவர் போட்ட முதல் கையெழுத்து அதுதான். என்னை நம்பிப் போட்டது. அவர் இல்லையென்றதும் முன்வரிசையும் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைந்தது.

சாயங்காலம் தலைவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பாலம் பாலம்னு எழுதி மேல இருந்து கேள்வி வந்துகிட்டே இருக்குய்யா. சுத்துப்பாதை இருக்குல்ல, அத எழுதி முடிச்சு விடு" என்றார். அந்தச் சுற்றுப்பாதை உண்ணிச்செடிப் புதருக்குள், யானை நடமாட்டம் உள்ள இடத்தில், அரை நாள் நடை. எனக்குத் தெரியும். தலைவருக்கும் தெரியும். 'மாற்றுப் பாதை உள்ளதால் நடைபாலம் தற்போது தேவையில்லை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதினேன். அடுத்த கூட்டத்தில் சரி செய்துகொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கு முன் ஐப்பசி மழை வந்துவிட்டது.

இறப்பை விசாரிக்க வந்த அதிகாரி தீர்மானப் புத்தகத்தைக் கேட்டார். கடைசிப் பக்கத்தைப் படித்தார். "பாலம் வேணாம்னு அந்தப் பொண்ணே கையெழுத்துப் போட்டிருக்கே" என்றார். அவர் குரலில் குற்றம்சாட்டும் தொனிகூட இல்லை. நான் வாய் திறந்தேன். நடந்ததைச் சொன்னேன். எழுத்தில் இருப்பதைத்தான் தன்னால் எடுத்துக்கொள்ள முடியும் என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

போன ஞாயிற்றுக்கிழமை அதே கூடத்தில் அஞ்சலிக் கூட்டம் நடந்தது. அன்றும் டீ வந்தது. இரங்கல் தீர்மானத்துக்குப் புத்தகமும் போனது. முன்வரிசைப் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டார்கள். "பாலம் இல்லாமச் செத்துச்சுன்னு எழுதுங்க, போடுறோம்" என்றார்கள். தலைவர் ஒப்புக்கொள்ளவில்லை. நாகஜோதிக்கான இரங்கல் தீர்மானம் இன்றுவரை நிறைவேறவில்லை.

எல்லோரும் போன பிறகு செல்லையா என்னிடம் வந்தார். "எம் புள்ள கையெழுத்து இதுல இருக்காம்ல, காட்டுங்க சார்" என்றார். காட்டினேன். விரலை வைத்து எழுத்தெழுத்தாகத் தடவினார். "எம்புட்டு அழகாப் போட்டிருக்கு. மேல என்ன சார் எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

எதை வேண்டுமானாலும் வாசித்திருக்கலாம், அவருக்குத் தெரியப்போவதில்லை. உள்ளதை வாசித்தேன்.

"எம் புள்ள அப்படிச் சொல்லியிருக்காதே சார்" என்றார்.

"சொல்லலைங்கய்யா. நான் எழுதுனது."

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தாளிலிருந்து விரலை எடுக்காமல், "அந்தக் கையெழுத்த மட்டும் கிழிச்சுத் தருவீங்களா சார்? வீட்ல வேற எதுவும் எழுதி வைக்கல அது" என்று கேட்டார்.

அரசாங்கப் புத்தகம், ஒரு தாளைக்கூடக் கிழிக்கக் கூடாது என்றேன். பொய்யை எழுதத் துணிந்த எனக்கு அந்தத் தாளைக் கிழிக்கத் துணிவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஓடைவரை கூடவே போனேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் கல் கல்லாகப் பார்த்துக் கால் வைத்து அக்கரை சேர்ந்தார். திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனார்.

போய் வாருங்கள், நாகஜோதி. நீங்கள் பாலம் வேண்டும் என்றுதான் சொன்னீர்கள். வேண்டாம் என்று எழுதியது நான். இதை எழுதி முடித்து வாசித்தும் பார்த்துவிட்டேன். கீழே கையெழுத்துப் போட நீங்கள் இல்லை.