கேரட் பாத்தியில் விழுந்த ஞாயிறு

சைக்கிள் ஓட்டுகிறவன் கால் பலத்தைப் பார்த்துத்தான் பாதையைத் தேர்ந்தெடுப்பான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நான் யார் முகத்தில் விழிக்கக் கூடாது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். ஊட்டியிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் இத்தலார் சாலையை மட்டும் நான்கு வருடமாக விட்டுவிட்டேன். அங்கே என் அக்கா இருந்தாள்.

அம்மா போன பிறகுதான் சைக்கிள் வாங்கினேன். அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை என்றால் அம்மாவைப் பார்க்கப் போவது. அது நின்றதும் அந்தக் காலை நேரத்தை என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஐம்பத்தொரு வயதில் கியர் சைக்கிள் வாங்கியவனை ஆபீசில் கிண்டல் செய்யாத ஆளில்லை. மலை அதைவிட மோசமாகக் கிண்டல் செய்தது. மஞ்சூர் பக்கத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கி நடுவழியில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு காட்டெருமை முக்கால் மணி நேரம் வழி விடாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. ஆனால் ஹாரன் அடிக்காமல் எனக்குப் பின்னாலேயே ஊர்ந்து வந்த பஸ் டிரைவர்களும் உண்டு. ஒரு முறை மழையில் பஞ்சர் ஒட்டியபோது, கொழுந்து பறிக்கிற பெண்கள் இருவர் இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை அவிழ்த்து எனக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் உதவி வாங்குவது எனக்குச் சுலபமாக இருந்தது. அவர்களுக்கு நான் எதுவும் செய்திருக்கவில்லையே.

அக்காவுக்குச் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அம்மா கடைசி ஒன்பது மாதம் அக்கா வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது தூக்கி உட்காரவைத்து, துடைத்துவிட்டு, சோறு ஊட்டிப் பார்த்துக்கொண்டது அவள். நான் வாரம் ஒரு நாள் ஒரு பை ஆரஞ்சோடு போவேன். அரை மணி நேரம் உட்கார்ந்து, மருந்துச் சீட்டைப் புரட்டி நாலு குறை சொல்லிவிட்டு வருவேன். அம்மாவை அடக்கம் செய்த அன்று, சொந்தபந்தம் எல்லாம் சுற்றி நிற்கும்போது, ஒழுங்காகப் பார்த்திருந்தால் அம்மா இன்னும் இருந்திருப்பாள் என்று அக்காவைப் பார்த்துக் கத்தினேன். எனக்குள் இருந்த உறுத்தலைத் தூக்கி அவள் தலையில் கட்டினேன், அவ்வளவுதான். வீடு போய்ச் சேர்வதற்குள்ளேயே அது எனக்குத் தெரிந்துவிட்டது. போய்ச் சொல்லத்தான் வாய் வரவில்லை. நவம்பரில் கல்லறைத் திருநாளன்று எல்லாக் குடும்பமும் சாயங்காலம் கல்லறைக்கு வரும். நான் விடிந்ததும் விடியாததுமாகப் போய் அம்மாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, யார் கண்ணிலும் படாமல் திரும்பிவிடுவேன்.

போன வருடம் அக்டோபரில் ஒரு ஞாயிறு, முந்தின நாள் மழைக்கு ஒரு கற்பூர மரம் நான் போகும் சாலையில் குறுக்கே விழுந்து கிடந்தது. வேறு வழியில்லாமல் இத்தலார் சாலையில் திரும்பினேன். மழைக்கோட்டின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு சட்டென்று கடந்துவிடலாம் என்பது திட்டம். மேட்டின் உச்சியில் செயின் அறுந்தது. பையில் பஞ்சர் சாமான் எல்லாம் இருந்தது. செயின் மாட்டுகிற கருவி மட்டும் வீட்டு மேசைமேல் இருந்தது. திரும்பித் தள்ளிக்கொண்டு போவதென்றால் நான்கு கிலோமீட்டர், கொட்டுகிற மழையில். இறக்கத்தில் விட்டால் சைக்கிள் தானாக ஓடும். விட்டேன்.

பிரேக் கட்டைகள் தேய்ந்து போயிருந்ததை மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நனைந்த சக்கரத்தை அவை தடவிக்கொடுத்தன, பிடிக்கவில்லை. வளைவில் சாலை ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். எழுந்து பார்த்தால் கேரட் பாத்தி. யார் பாத்தி என்று தலையைத் தூக்காமலேயே தெரிந்தது.

அக்காவின் கணவர் மண்வெட்டியோடு ஓடி வந்தார். மாமாவுக்கு என்னை அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. முதலில் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். பிறகு கேரட்டைப் பார்த்தார். கடைசியாகத்தான் என் முழங்காலைப் பார்த்தார்.

"ஊட்டுக்குள்ள வாங்க மாப்பிள்ளை, ரத்தம் வருது" என்றார். நாலு வருடம் என்று ஒன்று நடுவில் இருந்ததாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

அக்கா என்னைப் பார்த்தாள். என்னை உட்காரச் சொல்லும்படி மாமாவிடம் சொன்னாள். காலை நீட்டச் சொல்லும்படி மாமாவிடம் சொன்னாள். நான் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். வெந்நீரில் துணியை நனைத்து அவளே காயத்தைத் துடைத்தாள். மெதுவாகத் துடைத்தாள் என்று சொல்ல முடியாது. எங்கள் குடும்பம் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தது. அம்மா டீ என்று ஒருநாளும் சொன்னதில்லை, தேத்தண்ணி என்பாள். அக்காவும் தேத்தண்ணி குடிக்கச் சொல்லும்படிதான் மாமாவிடம் சொன்னாள். டம்ளரை வாங்கிக் கீழே வைக்காமலே குடித்து முடித்தேன். மாமா சைக்கிளைப் பார்க்க வெளியே போனார். எங்களைத் தனியாக விடத்தான் போயிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

அன்றைக்கு நான் பேசியது தப்பு என்றேன்.

அக்கா துணியைப் பிழிந்தாள். முதல் முறையாக என்னிடமே பேசினாள்.

"அன்னிக்கு ஊரே நிக்கும்போது சொன்னே. இன்னிக்கு யாருமில்லாத அடுப்படியில சொல்றே."

மாமா என்னையும் சைக்கிளையும் காய்கறி ஏற்றும் பிக்கப் வண்டியில் ஊட்டிக்குக் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் மழையைப் பற்றியும் கேரட் விலையைப் பற்றியும் பேசினார். இறங்கும்போது மட்டும், "அவ கேக்கறதுலயும் ஞாயம் இருக்குதுங்களே மாப்பிள்ளை" என்றார்.

அடுத்த மூன்று வாரம் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. செயினை மாற்றினேன், பிரேக் கட்டையை மாற்றினேன், கைப்பிடியில் ஒட்டியிருந்த சேற்றைக்கூடச் சுரண்டினேன். அந்த ஒரு வேலையைத் தவிர எல்லா வேலையையும் செய்தேன். கல்லறைத் திருநாள் வந்தது. சைக்கிளில் போனால் பாதியில் திரும்பிவிடுவேன் என்று பயந்து, சாயங்காலம் பஸ்ஸில் போனேன்.

எல்லாரும் இருந்தார்கள். சித்தப்பா, சித்தி, அவர்கள் பிள்ளைகள், அன்று என் சத்தத்தைக் கேட்ட அத்தனை பேரும். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டு அடுத்த கல்லறைக்கு நகர்ந்தார். அக்கா அணைந்த மெழுகுவத்தியை மறுபடி பற்றவைத்துக்கொண்டிருந்தாள். கல்லறைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.

"அன்னிக்கு இங்க நின்னு அக்காவப் பத்தி நான் சொன்னது பொய்" என்றேன். "அம்மாவப் பாத்துக்கிட்டது அக்காதான். நான் பாத்துக்கல. ஆரஞ்சு வாங்கிட்டுப் போனேன், அவ்வளவுதான்."

சித்தி புடவை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அக்கா நிமிரவில்லை. கையில் இருந்த தீக்குச்சி அணைந்தது. இன்னொன்றைக் கிழித்தாள், அதுவும் அணைந்தது.

"மறந்துட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். பிறகு, அதே குரலில், "அங்க ஏன் நிக்கற, இந்தப் பக்கம் வா. காத்து அடிக்குதில்ல, மறைச்சு நில்லு."

போய் அவள் பக்கத்தில் குனிந்து, இரண்டு கையையும் திரியைச் சுற்றிக் குவித்துப் பிடித்துக்கொண்டேன்.