கந்தர்வன் வந்த வியாழக்கிழமைகள்

தொண்ணூறுகளின் நடுவில் நான் பாளையங்கோட்டையில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் தங்கியிருந்தேன். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கிளார்க் வேலை. அந்த நாட்களில் ஒரு வாரப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த தொடர்கதையை ஊரே படித்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி மடியில் அது விரிந்திருக்கும். பல் டாக்டர் வீட்டில் காத்திருந்தால், மேஜையில் கிடக்கும் இதழில் அந்தப் பக்கங்களை மட்டும் யாரோ கிழித்துக்கொண்டு போயிருப்பார்கள். பிள்ளைகளுக்குக் கதாநாயகன் பெயரை வைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

கதை இதுதான். மேகத்துக்குள் மறைந்திருக்கும் ஒரு மலைநகரம். அதன் இளவரசன் ஒரு கந்தர்வன். அவன் அருவியோடு கீழே இறங்கி வந்து, ஆற்றில் ஓடம் தள்ளுகிறவரின் மகளைப் பார்த்து மயங்கிவிடுகிறான். எழுத்தாளர் மலைக்கும் ஆற்றுக்கும் பெயர் வைக்கவில்லை. எங்களுக்கு அதில் சந்தேகமே கிடையாது. மலை பொதிகை, ஆறு தாமிரபரணி. சீவலப்பேரியிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வரும் எங்கள் அலுவலகப் பெண் ஒருத்தி, அந்த ஓடத்துறை தன் ஊரில்தான் இருக்கிறது என்று சண்டைக்கே வருவாள்.

வியாழக்கிழமை பத்திரிகை வரும். சாயங்காலம் விடுதிச் சாப்பாட்டு அறையில் எல்லோரும் கூடுவோம். என் குரல் எடுப்பாக இருந்ததால் வாசிக்கும் வேலை எனக்கு. சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும். முடித்ததும் ஒரு நிமிஷம் யாரும் பேசமாட்டார்கள். அந்த மௌனத்துக்காகவே நான் வாரம் முழுக்கக் காத்திருந்தேன்.

தொடக்க அத்தியாயங்கள் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தன. பறக்கத் தெரிந்த கந்தர்வன், அவள் மதிக்க வேண்டும் என்பதற்காக, சேற்றில் வழுக்கி விழுந்து விழுந்து ஓடம் தள்ளப் பழகினான். அவள் சிரிப்பாள். அவன் எழுந்து மறுபடியும் கழியை ஊன்றுவான். ஒரு ஆண் ஒரு பெண்ணுக்கு முன்னால் தப்பும் தவறுமாக நின்று ஒரு வேலையைக் கற்றுக்கொள்வதை நான் அதற்கு முன் எந்தக் கதையிலும் படித்ததில்லை. வீட்டிலும் பார்த்ததில்லை.

என் அறையில் கூடத் தங்கியிருந்தவள் ராதாபுரத்துப் பக்கத்துக்காரி. என்னைவிட நாலைந்து வயது இளையவள். வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டாள். அப்பா ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். தண்ணீருக்குக் குடத்தோடு நடந்த ஊரிலிருந்து வந்தவள் என்பதால் ஆற்றைப் பற்றி நான் வாசிக்கிற வரிகளை வாயைத் திறந்தபடி கேட்பாள். 'இன்னொரு தரம் படிங்கக்கா' என்பாள்.

அவள் வேலை முடிந்து பஸ் ஏறுகிற நிறுத்தத்துக்கு எதிரே ஒரு எலக்ட்ரிக்கல் கடை. அங்கே வேலை பார்த்த ஒருவன் அவளைப் பார்க்கத் தொடங்கினான். முதலில் கடைவாசலில் நின்றான். பிறகு நிறுத்தத்துக்கு வந்தான். பிறகு அதே பஸ்ஸில் ஏறி, விடுதித் தெருமுனை வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனான். ஒரு வார்த்தை பேசியதில்லை. பார்க்க நன்றாகவே இருப்பான், நல்ல சட்டை, படிய வாரிய தலை. விடுதிப் பெண்கள் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுக் கூச்சல் போடுவார்கள்.

"ஏட்டி, ஒன் கந்தர்வன் அருவியில எறங்கி வந்துட்டான்!"

தொடக்கத்தில் அவளும் சிரித்தாள். ஒருநாள் மழையில் குடை இல்லாமல் நனைந்தபடி அவன் நின்றான். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. துணி காயப் போட்டுக்கொண்டிருந்த என்னிடம் வந்தாள்.

"எனக்குப் பிடிக்கலக்கா. முதுகுல ஏதோ ஊர்ற மாதிரியே இருக்கு. பஸ்ஸ மாத்திப் போனாலும் அங்கனயும் வந்து நிக்கான்."

அறை வாசலில் நின்ற இன்னொருத்தி சிரித்தாள். "கதையிலயும் அவ முதல்ல இப்படித்தான சொன்னா? பெறவு என்ன ஆச்சு?"

அந்த வாரத்து அத்தியாயம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. கந்தர்வன் அவளை மலைநகரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவள் அழுகிறாள். கரையில் அப்பா தேடுவார், என்னைக் கொண்டு விடு என்கிறாள். அவளுடைய கண்ணீரைத் தாங்க முடியாத கந்தர்வன் ஒரு பூவை அவள் முகத்தருகே பிடிக்கிறான். அதை முகர்ந்ததும் அவளுக்கு அப்பா மறந்துபோகிறார். ஆறும் ஓடமும் மறந்துபோகின்றன. தன் பெயரும் மறந்துபோகிறது. அவன் அவளுக்குப் புதுப் பெயர் வைக்கிறான். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அவள் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்கிறாள். அத்துடன் தொடரும் போட்டிருந்தார்கள்.

வாசித்துக்கொண்டிருந்தபோதே, சேற்றில் விழுந்து எழுந்தவன் எங்கே போனான் என்று தேடினேன். தலையைத் தூக்கினால் எல்லோர் கண்ணிலும் தண்ணீர். "எவ்வளவு பிரியம் இருந்தா இப்படிச் செய்வான்" என்று ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

என் அறைத்தோழி மட்டும் எழுந்தாள். "பேரக்கூட எடுத்துட்டானே" என்றாள். சாப்பிடாமலே மாடிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் வாசிப்புக்கு வரவில்லை.

அடுத்த மாதம் அவளுடைய அப்பாவும் சித்தப்பாவும் விடுதிக்கு வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த எலக்ட்ரிக்கல் கடைப் பையன் அவள் ஊரை எப்படியோ விசாரித்துக்கொண்டு போய், பலசரக்குக் கடை வாசலில் நின்று, நாலு பேர் கேட்க, நாங்கள் இரண்டு பேரும் விரும்புகிறோம், கட்டிக்கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். அதுவும் தனியாக இல்லை, இரண்டு கூட்டாளிகளோடு.

வரவேற்பு அறையில் அப்பா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, முழங்கையில் மாட்டிய துணிப்பை. வார்டன் டீச்சர் பக்கத்தில் நின்றார். அவர் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். துணைக்கு நான் கூடவே இறங்கிப் போனேன்.

"எம்மா, நீ அவங்கூடப் பேசினியா?" என்று அப்பா கேட்டார்.

"இல்லப்பா."

"பேசாமலா அவன் ஊரு தேடி வருவான்?" என்றார் சித்தப்பா. "ஊரு பூரா பேசுதாவ. இனி வேற எவன் வந்து பொண்ணு கேப்பான்? அவனுக்கே குடுத்திருவோம்."

வார்டன் டீச்சர் வாசலில் எட்டிப் பார்த்த பெண்களைக் கூப்பிட்டு, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார். ஒருத்தி, சிரிப்பும் பயமுமாக, "தெரியும் டீச்சர், அவ ஆளுதான், தெனமும் வருவான்" என்றாள். மாடி ஜன்னலில் கேலியாகச் சொன்னது கீழே வந்ததும் சாட்சியாகிவிட்டது. சொன்னவளுக்கே அது சொன்ன பிறகுதான் புரிந்தது. முகம் வெளிறிப்போனாள்.

நான் சொன்னேன். அவன் பின்னால் வருகிறான், இவள் ஒரு வார்த்தை பேசியதில்லை, பிடிக்கவில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள், பஸ்ஸை மாற்றிப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நம்பிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நீங்க சொல்லுதது சரிதாம்மா. ஆனா ஊருக்கு யாரு போய்ச் சொல்ல?"

அவள் அழவில்லை. அப்பா சித்தப்பாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு எழுந்ததும் சொன்னாள். "வீட்டுக்கு வாரேன்ப்பா. ஆனா அவனக் கட்டமாட்டேன். கெணத்துல தள்ளினாலும் கட்டமாட்டேன்."

அன்று மத்தியான பஸ்ஸுக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டிலும் மேஜையும் எப்போதும் காலியாகவே இருந்ததுபோல் ஆகிவிட்டன.

மறுநாள் வார்டன் டீச்சர் என்னிடம், "வா, அந்தக் கடைக்குப் போவோம்" என்றார். போனோம். கடை முதலாளி கல்லாவில் இருந்தார். "அண்ணாச்சி, ஒங்க கடைப் பையன் எங்க விடுதிப் பிள்ளைய வாழவிடாமச் செஞ்சிட்டான்" என்று டீச்சர் நேராகவே சொன்னார். முதலாளி அவனைக் கூப்பிட்டு விசாரித்தார். அவன் தலைகுனியவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "நான் உண்மையாத்தான் நேசிக்கேன் சார். அவளுக்கு இப்பப் புரியல. பெறவு புரியும்" என்றான். அவன் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. முதலாளி அவனை அந்த வாரமே நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டோம். ஆனால் அதனால் அவளுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிடவில்லை.

கதை மட்டும் நிற்கவில்லை. எனக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லி வாசிப்பதை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டேன். ஆனாலும் அறையில் உட்கார்ந்து தனியாகப் படித்தேன். எப்படியாவது எழுத்தாளர் இதைச் சரிசெய்துவிடுவார் என்று ஒவ்வொரு வாரமும் நம்பினேன். கடைசி அத்தியாயத்தில் அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. அப்பா இறந்துபோயிருந்தார். அவள் கந்தர்வனின் காலில் விழுந்து, நீங்கள் செய்தது சரிதான், இந்தத் துக்கத்திலிருந்து என்னைக் காப்பாற்றினீர்கள் என்றாள். வானத்திலிருந்து பூ பெய்தது. பத்திரிகையை மூடிவைத்தேன். கூடவே இருந்த ஒருவர் சொல்லாமல் எழுந்து போய்விட்டதுபோல் இருந்தது.

கதை புத்தகமாக வந்தபோது எழுத்தாளர் திருநெல்வேலிக்கு வந்தார். வாசகர் சந்திப்பு. மண்டபத்தில் நிற்க இடமில்லை. பெண்கள்தான் அதிகம். அவர் மென்மையாகப் பேசினார். ஒவ்வொருவரையும் அம்மா என்றே அழைத்தார். கேள்வி கேட்கச் சொன்னபோது நான் கையைத் தூக்கினேன். மைக் கைக்கு வந்ததும் கேட்டேன்.

"சார், அவ வீட்டுக்குப் போகணும்னுதான கேட்டா? வேண்டாம்னு சொன்னவளுக்கு எதுக்கு மறக்கடிக்கணும்?"

அவர் சிரித்தார். கோபமே இல்லை. "நல்ல கேள்வி, அம்மா. வேண்டாம் என்று சொன்னது அவளுடைய வாய். அவளுடைய மனசு சொன்னது கந்தர்வனுக்குக் கேட்டது."

மண்டபம் கைதட்டியது. சீவலப்பேரிப் பெண்ணும் என் பக்கத்தில் நின்று கைதட்டினாள். "எங்களுக்குக் கேக்கலையே சார்" என்று சொன்னேன். அதற்குள் மைக் வேறொருவர் கைக்குப் போயிருந்தது. அது யாருக்கும் கேட்டிருக்காது. பக்கத்தில் நின்ற வயதான அம்மாள் ஒருவர் என் தோளைத் தட்டி, "கதைதானம்மா, எதுக்கு இப்படி வேர்க்குது ஒனக்கு?" என்றார். நான் வெளியே வந்தேன்.

அதற்கு அடுத்த வருஷம் அலுவலக வேலையாக நாகர்கோவில் போனபோது என் பழைய அறைத்தோழியைப் பார்த்தேன். எட்டு மாதத்துக்கு மேல் வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்திருக்கிறாள். சித்தப்பா விடாமல் வற்புறுத்தியிருக்கிறார். ஒருநாள் அப்பா கடையை அடைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இவளைக் கூட்டிக்கொண்டு வந்து, நாகர்கோவிலில் ஒரு லேபில் வேலை கேட்டுச் சேர்த்துவிட்டாராம். அத்தை வீட்டில் தங்கியிருந்தாள். மெலிந்திருந்தாள். நடக்கும்போது அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு என்னை வழியனுப்ப வந்தவள், கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, அந்தக் கதை என்னாச்சு? நான் பாதியிலயே விட்டுட்டேன்லா."

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. நடந்ததைச் சொன்னேன், காலில் விழுந்ததையும், பூ பெய்ததையும்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் அவ எறங்கி வந்திருப்பான்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். "வீட்டுக்குள்ளயே கெடந்தப்ப தெனமும் அதத்தான் நெனப்பேன். மலையில இருந்து பையப் பைய எறங்கி வாரா, ஆறு சத்தம் கேக்கு, பேரு ஞாபகம் வந்திருது."

என் பஸ் வந்து நின்றது. ஜன்னலோரம் இடம் பிடித்துத் திரும்பியபோது, அவள் என் பையைத் தூக்கி உள்ளே கொடுத்துவிட்டு, கூட்டத்திலிருந்து ஒதுங்கி, சுவரில் முதுகு படும்படி நின்றுகொண்டாள்.