மாமியின் சப்பாத்துப் பை

மாமி, அதாவது என்ர மனுசனின்ர அம்மா, லண்டனுக்கு வந்து மூண்டு கிழமை. ஸ்ட்ரெதத்தில எங்களோட நிக்கிறதோ, கிங்ஸ்பரியில இருக்கிற மகள், என்ர மச்சாளோட போய் இருக்கிறதோ எண்டு அந்தச் சனிக்கிழமை பின்னேரம் முடிவு சொல்லுறன் எண்டிருந்தா. மச்சாள் வீட்டில தனி அறை, தோட்டம், கார். எங்களிட்டை ரெண்டு சின்ன அறையும் ஒரு ஹீற்றரும். எண்டாலும் எனக்கு மாமி வேணும். இவர் ஷிப்டுக்குப் போனால் வீட்டில கதைக்க ஆளில்லாமல் எனக்கு விசர் பிடிக்கும். தொண்ணூறுகளின்ர தொடக்கம் அது, எங்கட விசாக் கேஸ் முடியேல்லை. யூனிபோம் போட்ட ஆளைக் கண்டால், பஸ் கொண்டக்டர் எண்டாலும், தலையைக் குனிஞ்சுகொண்டு விலத்திடுவன்.

எப்பிடியாவது மாமியைச் சந்தோசப்படுத்திப்போடவேணும் எண்டு அண்டைக்குக் காலமையே அவவைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டன். மணிக்கூட்டுக் கோபுரம், பாலம் எல்லாத்துக்கும் மாமி “ஓம், ஓம்” எண்டா. ராணியின்ர வீட்டு வாசல்ல மட்டும், “இவ்வளவு யன்னலையும் ஆர் துடைக்கிறது?” எண்டு கேட்டா. பார்க் வாங்கில இருந்து பாணும் சம்பலும் சாப்பிட்டம். சம்பல் கொண்டுபோன டூட்டிங் கடைச் சொப்பின் பையை மாமி எறிய விடேல்லை, மடிச்சுக் கைக்குள்ள வைச்சுக்கொண்டா.

மழை தூறத் தொடங்க மியூசியத்துக்குள்ள ஓடினம். உள்ளுக்குப் போகக் காசு கேக்கமாட்டாங்கள் எண்டதும் ஒரு காரணம், ஏன் மறைப்பான்? செத்த ஆக்களைச் சுத்திக் கட்டிப் பெட்டிக்குள்ள வைச்சிருந்த அறையை மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தா. “வீட்டை போனவுடன முழுகவேணும், பிள்ளை” எண்டா.

அடுத்தது எங்கட சாமியள் இருந்த அறை. நான் முன்னுக்குப் போய் எழுதியிருந்ததை வாசிச்சுக்கொண்டு நிண்டன். திரும்பிப் பார்த்தால், மாமி அம்மன் சிலைக்கு முன்னால கண்ணை மூடிக் கும்பிடுறா. காலில வெறும் மேஸ், காலுறை மட்டும்! சப்பாத்தைக் காணேல்லை.

அப்பத்தான் வாசல்ல காவல்காரன்ர சத்தம் கேட்டது. “இது ஆற்றை பை?” கதவு மூலைக்குள்ள அந்த டூட்டிங் பை, வாய் முடிஞ்சபடி. கோயில் வாசல்ல மாதிரி இஞ்சையும் சப்பாத்துக் களவு போகுமெண்டு மாமி அதுக்குள்ள போட்டு மறைச்சு வைச்சிருக்கிறா. குண்டுப் பயம் இருந்த காலம். தனியாக் கிடக்கிற பை எண்டால் லண்டன் சனம் பத்தடி தள்ளித்தான் நிக்கும். அறையில நிண்ட எல்லாரும் பின்வாங்கிச்சினம். காவல்காரன் என்னைப் பார்த்து, “உங்கடையா?” எண்டான்.

“இல்லை” எண்டன். சீ, அந்தச் சொல்லு எப்பிடி வாயில வந்ததோ!

மாமியின்ர கையைப் பிடிச்சு இழுத்தன். “பேசாமல் வாங்கோ மாமி, போவம்.”

“என்ர சப்பாத்து?”

“வேறை வாங்குவம். பொலிசைக் கூப்பிடப்போறாங்கள்.”

மாமி என்ர கையைப் பார்த்தா. அதை மெல்ல விலத்திப்போட்டு, மேஸோடயே நேரா அவனிட்டை நடந்தா. “மை சூஸ்” எண்டா. பிறகு அம்மனைக் காட்டி, “கோட், சாமி” எண்டா. அவன் பைக்குள்ள பார்த்தான், மாமியின்ர காலைப் பார்த்தான், வாய்விட்டுச் சிரிச்சான். இருந்து சப்பாத்தைப் போடச் சொல்லித் தன்ர கதிரையையும் இழுத்துக் குடுத்தான்.

ரெயினில மாமி யன்னலாலயே பார்த்துக்கொண்டு வந்தா. எனக்கு வெக்கத்தில நிமிர ஏலாமல் கிடந்தது. என்ர புத்தியால கெடுத்துப்போட்டன், இனி மாமி மகளிட்டைத்தான் எண்டு முடிவு கட்டினன்.

வீட்டை வந்து மாமி முழுகி முடிக்க, மச்சாளின்ர ரெலிபோன் கோல் வந்தது. நான் குசினியில வெங்காயம் வெட்டிக்கொண்டு காதைக் குடுத்துக்கொண்டு நிண்டன்.

“இல்லைப் பிள்ளை, நான் இஞ்சையே நிக்கிறன்” எண்டா மாமி. “உனக்கு எல்லாம் இருக்கு. இவள் பாவமடி, எங்கட சப்பாத்தை எங்கடை எண்டு சொல்லவே பயப்பிடுறாள்.”