மணிக் கயிறும் ஐந்து கற்களும்

ரங்கூனில், க்யிம்யிண்டைங் பேட்டையில், எங்கள் கட்டடத்து வாசலில் நான் வடை சுடுகிறேன். கணவர் போனபின் யாரிடமும் கை நீட்டாமல் இந்த அடுப்பை வைத்தே பிழைத்தேன். படிப்பு அதிகமில்லை. பெயர் எழுதுவேன், கடைப்பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஆனால் என் வடைக்கு மேல்மாடிவரை பெயர் உண்டு.

மேல்மாடிக்காரர்கள் ஒரு வடைக்காகப் படி இறங்க மாட்டார்கள். ஒவ்வொரு வராந்தாவிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். நுனியில் கவ்வி, மேலே சின்ன மணி. கீழே இழுத்தால் மேலே மணி அடிக்கும். பையைக் கவ்வியில் மாட்டினால் தூக்கிக்கொள்வார்கள்.

மூன்றாம் மாடியில் ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பம். அவர்கள் கயிறு முதல் மாடி வராந்தாவை உரசிக்கொண்டுதான் இறங்கும். முதல் மாடிக்காரர்கள் எங்களைப் போல் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். இரண்டு வீட்டிலும் ஒரே வயதுப் பெண் பிள்ளை. பள்ளிக்கூடம் வேறு வேறு. கரண்ட் போன சாயங்காலங்களில் இரண்டும் படிக்கட்டில் உட்கார்ந்து ஐந்து கல் ஆடும். தமிழும் பர்மியமும் கலந்து சண்டை போடும்.

ஒருநாள் டீக்கடையில் இரண்டு தகப்பன்மாரும் போன் பார்த்தார்கள். இஸ்ரேல், பாலஸ்தீனம் என்று எங்கேயோ சண்டை. இடிந்த வீடுகள், அழுகிற பிள்ளைகள். ஒருவர் இந்தப் பக்கம்தான் நியாயம் என்றார், மற்றவர் அந்தப் பக்கம் என்றார். இருவரும் அந்த மண்ணை மிதித்ததே இல்லை. கடைசியில் கிளாஸ் உடைந்தது. மறுநாள் முதல் பிள்ளைகள் சேரக்கூடாது என்று இரண்டு வீட்டிலும் உத்தரவு.

பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். மேலே இருப்பவள் தன் முறையை ஆடிவிட்டுக் கற்களைப் பையில் போட்டு இறக்குவாள். கீழே இருப்பவள் வராந்தாக் கம்பிக்குள் கையை விட்டு எடுப்பாள். ஆடி முடித்து மாட்டிவிட்டு மணி அடிப்பாள். முதல் மாடித் தகப்பன் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டுக் கத்தியால் கயிற்றை அறுத்தார். வீண் சண்டை வேண்டாம் என்று மேல்வீட்டு அம்மா புதுக் கயிற்றைப் பின்சந்துப் பக்கம் கட்டிவிட்டாள். கற்கள் மேலேயே நின்றுபோயின.

வடை வாங்க வந்த முதல் மாடிப் பெண் நகரவில்லை.

"பெரியம்மா, கல்லு மேல இருக்கு. என் முறை. அப்பா பின்சந்துக்குப் போகக் கூடாதுன்னுட்டாரு."

"அதுக்கு? நான் என்ன தபால்காரியா?"

"தனியாவே ஆடிட்டிருப்பா பெரியம்மா. ஏமாத்துவா."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். வடையைத் தொடவில்லை.

பின்சந்தில் எல்லா வீட்டுக் குப்பையும் வந்து விழும். நான் அங்கே கால் வைக்கிறவள் இல்லை. அன்றைக்கு இடுப்பில் கட்டியிருந்த தமேன் கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனேன். கயிற்றை இழுத்தேன். மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"வடையா பெரியம்மா?"

"வடை இல்லடி. கல்லை இறக்கு. அவ முறையாம்."

"என்மேல கோவம்னு நெனச்சேன்," என்றாள். பை விறுவிறுவென்று இறங்கியது.

பையோடு முதல் மாடிக்கு ஏறினேன். கதவில் தகப்பன் நின்றார்.

"பெரியம்மா, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? அந்த ஊர்ல என்ன நடக்குதுன்னு தெரியுமா?"

"தெரியாது. நீயும் போன்லதானப்பா பாத்தே. அன்னிக்கு நீ எனக்குக் காட்டினப்போ ரெண்டு பக்கமும் பிள்ளைங்க அழுதுச்சு. அது தெரிஞ்சுது."

அவர் கதவிலிருந்து விலகவில்லை. நான் அவர் கைக்குக் கீழாகவே பையை நீட்டினேன். உள்ளேயிருந்து சின்னக் கை வாங்கிக்கொண்டது.

இரண்டு தகப்பன்மாரும் இன்றுவரை பேசுவதில்லை. முன்பக்கம் கயிறு வரவில்லை. பை மட்டும் என் கை வழியாக ஏறி இறங்குகிறது. நேற்று முதல் மாடிப் பெண் அதை என்னிடம் கொடுத்துவிட்டு, "நாலு கல்லு புடிச்சேன்னு சொல்லுங்க," என்றாள். பிறகு கேட்டாள்:

"அந்த ஊர்ப் பிள்ளைங்களுக்குப் பின்சந்து இருக்குமா பெரியம்மா?"

அடுப்பைத் தணித்துவிட்டுப் பையோடு பின்சந்துக்கு நடந்தேன்.