தையலில்லாத சட்டை

ரயில்வே கேட் விழுந்ததும் சேவுகப்பெருமாள் ஆட்டோவை அணைத்துவிட்டு, தண்ணீர்க் கேனைச் சரித்துக் கை கழுவுவார். கிரீஸ் போக விரல் விரலாகத் தேய்த்து, தோளில் கிடக்கும் துண்டில் துடைத்துக்கொண்டு, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுப்பார். வெற்றிலை போடப் போகிறார் என்றுதான் பின்னால் இருப்பவர்கள் நினைப்பார்கள். பையிலிருந்து வருவது ஓர் உல்லன் உருண்டையும், வளைகிற வயரால் இணைத்த இரண்டு ஊசிகளும். ரயில் போய்க் கேட் திறந்து, பின்னால் லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தாலும், கையிலிருக்கும் பின்னல் கண்ணியை ஊசியில் ஏற்றாமல் வண்டி கிளம்பாது.

அவர் ஹாரன் அடிப்பவர் இல்லை. முன்னால் போகிறவரை, "அய்யா, செத்த அங்குட்டு ஒதுங்கிக்கிருங்க" என்று வாயாலேயே விலக்குவார். வண்டியில் பாட்டுக் கிடையாது. நேமத்தான்பட்டியில் இருந்த நிலத்தைத் தம்பியின் பொறுப்பில் விட்டுவிட்டுக் காரைக்குடிக்கு ஆட்டோ ஓட்ட வந்தவர், ஐம்பதைத் தாண்டிவிட்டார்.

காக்கிச் சட்டை முதுகில் ஒட்டிக் கிடக்கிற வெயிலில் மடியில் ஸ்வெட்டரோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்?

"என்னண்ணே, ஊட்டிக்குச் சவாரியா?"

"ஆமா தம்பி. வாரத்துல மூணு நாளு போறோம்" என்பார்.

கேட்டவர் சிரிப்பார். இவர் சிரிக்க மாட்டார்.

அந்த ஊட்டி, ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் அறை. அவருடைய மனைவி வள்ளிக்கண்ணுவுக்கு இரண்டு கிட்னியும் வேலையை நிறுத்திவிட்டன. இடது கையில் ஊசி ஏற்றி, ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப உள்ளே விடுகிறார்கள். ஏசி அறை, திரும்பி வரும் ரத்தமும் சில்லிட்டு வரும். "எலும்புக்குள்ள ஐசு வச்ச மாதிரி இருக்கு" என்பாள். போர்வையை இழுத்து மூடிக்கொள்ளவும் முடியாது. ஊசி ஏற்றிய கை நர்ஸ் கண்ணில் படும்படி வெளியே இருக்க வேண்டும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, அவள் தாடை நடுங்குவதைச் சேவுகப்பெருமாள் பார்த்துக்கொண்டே இருப்பார்.

முதலில் கடையில் ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தார். இந்த நோய்க்குத் தோல் வறண்டு அரிக்கும். எது உரசினாலும் புண்ணாகும். விலாவிலும் அக்குளிலும் ஓடிய தையல் அறுத்ததில், வீட்டுக்கு வந்து கழற்றியபோது கோடு கோடாக ரத்தம் துளிர்த்திருந்தது. "இதுக்குக் குளிரே தேவல" என்று வள்ளிக்கண்ணு அதை மடித்து வைத்துவிட்டாள்.

அவர் டெய்லர் மெய்யநாதனிடம் போய் நின்றார். தையலே இல்லாமல் ஒரு சட்டை வேண்டும் என்றார்.

"தையல் இல்லாம தைக்கச் சொன்னா நான் எங்குட்டு மாப்ள போறது? எலும்பு இல்லாம ஆளு கேக்குற மாதிரில்ல இருக்கு!"

வழி சொன்னது டயாலிசிஸ் அறை நர்ஸ் தேவிகா. கழுத்தில் ஒரு வளையம் போட்டு, வட்டம் வட்டமாகவே கீழே பின்னிக்கொண்டு வந்தால் எங்கும் மூட்டுப் போட வேண்டியதில்லை என்று அவருடைய செல்போனிலேயே ஒரு வீடியோவைக் காட்டினாள். யாரோ ஒரு வெளிநாட்டு அம்மாள். என்ன பாஷை என்று தெரியவில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டு அந்தம்மாவின் கைகளை மட்டும் பார்த்துக் கற்றுக்கொண்டார். கண்ணியைக் கூட்டுவதற்குப் 'பெருக்கு', குறைப்பதற்குக் 'குறுக்கு' என்று தானே பெயர் வைத்துக்கொண்டார்.

முதல் ஸ்வெட்டர் ஒரு சாண் வளர்ந்த பிறகுதான் தெரிந்தது: வளையத்தை இணைக்கும்போதே ஒரு முறுக்கு விழுந்திருக்கிறது. அப்படி விழுந்துவிட்டால் எவ்வளவு பின்னினாலும் நேராகாது. அத்தனையும் உருவினார்.

"விட்டுத் தொலைங்க. என்னத்துக்கு இப்படி மல்லுக்கட்டுறீக?" என்றாள் வள்ளிக்கண்ணு.

"நீ சும்மா கெட."

மறுபடி ஆரம்பித்தார். இப்படிப் பின்னுவதில் ஒரு வசதி, பாதியிலேயே தலைவழியாகப் போட்டு அளவு பார்க்கலாம். மார்புவரை வந்ததும் போட்டுப் பார்த்தார்கள். கச்சிதமாக இருந்தது. இடுப்பை எட்டியபோது மறுபடி போட்டார்கள். மார்பில் தொளதொளவென்று தொங்கியது. கணக்கில் எங்கே பிசகினோம் என்று அவர் கண்ணிகளை எண்ணத் தொடங்கினார்.

"எண்ணாதீக. சட்டை பெருசாகல. நாந்தேன் சின்னதாயிட்டேன்."

அவர் மார்புக்கும் மேலே வரை உருவி, குறுக்குப் போட்டு மறுபடி இறக்கினார்.

ஸ்வெட்டர் முடிந்தது. மயில்கழுத்து நிறம். வலது கை மணிக்கட்டுவரை, ஊசிக்காக இடது கை முழங்கைக்கு மேலே நிற்கும். அதைப் போட்டுக்கொண்டு போன முதல் நாள், தேவிகா கதவைத் திறந்து, "அண்ணே, அக்கா தூங்குறாங்க" என்றாள். அவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். தாடை ஆடவில்லை. அன்றைக்குத்தான் அந்த வாசலை விட்டு நகர்ந்து போய் ஒரு டீ குடித்தார். துவைத்துப் போட மாற்று வேண்டுமே என்று மறுநாளே அடுத்த வளையத்தை ஆரம்பித்துவிட்டார்.

போன வாரம் டாக்டர் இடது கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஊசி ஏற்றுவதற்காக இணைத்துவைத்த நரம்பில் ஓட்டம் குறைந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள்தான் தாங்கும். அதற்குள் வலது கையில் ஆபரேஷன் செய்து தயார்ப்படுத்த வேண்டும். நாளைக்கே வந்துவிடுங்கள் என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் ஆட்டோ நின்றது. வள்ளிக்கண்ணு ஏறி உட்கார்ந்து, நீளமாக இருந்த வலது கையைத் தடவிப் பார்த்தாள்.

"இம்புட்டு அழகாப் போட்டீக. இப்ப இந்தக் கையும் வேணுமாமே."

அவர் கை கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "கழட்டித் தாரியா?"

"வேணாம். குளுருது."

அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மணிக்கட்டில் இருந்த முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்து, நூலை இழுத்தார். கண்ணிகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. நூலைக் கையைச் சுற்றிச் சுற்றி அவர் உருவ, அது வண்டித் தரையில் விழுந்து அழுக்காகாமல் அவள் இடது கையால் மடியில் சேர்த்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, பஸ் ஸ்டாண்டு வருமா?" என்று யாரோ கேட்டார்கள். அவர் நிமிரவில்லை.

"வேற வண்டி பாருங்க தம்பி" என்றாள் வள்ளிக்கண்ணு.

முழங்கைக்கு மேலே வந்ததும் நிறுத்தி, அவிழ்ந்து நின்ற கண்ணிகளை ஊசியில் கோத்தார். வெளியே வந்த கை மெலிந்து, கண்ணிகளின் தடம் பதிந்து, மயிர்க்கூச்செறிந்து கிடந்தது. சேவுகப்பெருமாள் நூல் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, அந்தக் கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து, சூடு ஏறும்வரை மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தார்.