மதிலுக்கு வெளியே மார்க் இல்லை

வீடுகளுக்குப் பசுமை மதிப்பெண் போடுவது என் தொழில். கரண்ட் எவ்வளவு மிச்சம், தண்ணீர் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துச் சான்றிதழுக்குப் பரிந்துரைப்பேன். குடவாசல் பக்கம் அந்த வீட்டுக்கு ஐப்பசியில் போனேன். கணவர் துபாயில். மனைவி ஒவ்வொரு அறையாகக் காட்டினார். குறை சொல்ல முடியாத வீடு. கூரையில் சோலார், பகலில் விளக்கே வேண்டாத வெளிச்சம், ஏசி கேட்காத காற்று. மழைநீர் ஒரு சொட்டும் தெருவுக்குப் போகாது என்று பெருமையாகச் சொன்னார். அதற்குத் தனி மார்க் உண்டு.

பிறகு எங்கே போகிறது என்று கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். களிமண் பூமி, ஐப்பசியில் அது இன்னும் எவ்வளவு குடிக்கும்? சேகரிப்புக் குழி நிரம்பி, மிச்சமெல்லாம் ஒரு குழாய் வழியாக மதிலுக்கு அந்தப் பக்கம் கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு வயல். நட்டுக் கொஞ்ச நாளே ஆன சம்பாப் பயிர், நுனி மட்டும் தெரிய முழுகிக் கிடந்தது. வரப்பில் ஓர் அம்மா நின்றிருந்தார்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வயலின் தண்ணீர் அடுத்த வயல் வழியாகத்தான் வடியும். வரப்பில் மடை வெட்டிவிட்டால் போதும்; அதை யாரும் பத்திரத்தில் எழுதுவதில்லை. இந்த அம்மாவின் வயல் வடிந்துகொண்டிருந்த கீழ்வயலைத்தான் மண்ணடித்து மேடாக்கி வீடு கட்டியிருந்தார்கள். அந்த அம்மாவுடையது காலமெல்லாம் ஊரார் வயலில் கூலிக்கு நட்ட குடும்பம். அவர்கள் சொந்தமாக வாங்கிய முதல் நிலம் இந்த முழுகிய வயல்.

"சார், நீங்க சொன்னா கேப்பாங்க. இந்த மனைக்கு அடியில ஒரு குழாய் போட்டு அந்தாண்ட வாய்க்கால்ல விடச் சொல்லுங்க. தண்ணி வடிஞ்சாப் போதும்" என்றார்.

சொன்னேன். வீட்டுக்காரம்மா கணவரிடம் கேட்டார். தோண்டினால் முற்றத்து டைல்ஸ் பாழாகும் என்று துபாயிலிருந்து பதில் வந்தது. அலுவலகத்தில் மேலதிகாரியிடம் சண்டையே போட்டேன். மதிலுக்கு வெளியே நடப்பதற்கு நம்மிடம் மார்க்கும் இல்லை, மைனஸும் இல்லை என்று முடித்துவிட்டார். மாடியில் தொட்டிச் செடி வைத்தால் மார்க் உண்டு. சான்றிதழ் வந்துவிட்டது.

தை மாதம் சான்றிதழ்ப் பலகையை மாட்டக் கூப்பிட்டார்கள். கோலம், கேசரி, போட்டோ. கேசரித் தட்டை அப்படியே வைத்தேன். கொல்லைப் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். ஊரெல்லாம் அறுவடை நடக்க, அந்த வயல் மட்டும் வெறும் சேறாகக் கிடந்தது. ஓரத்தில் லாரி மண் கொட்டியிருந்தது. அதே அம்மா வரப்பில் ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். நிலத்தை விற்றுவிட்டதாகச் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"இங்கயும் இதே மாதிரி வீடுதான் வருதாம். நீங்கதானே சார் மார்க் போட வருவீங்க? மேல் வயல் என் தங்கச்சியோடது. அது தண்ணி இது வழியாத்தான் வடியும்."