தொட்டியில் கரைந்த மலை

ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு, திண்டிவனம் ஸ்டேஷனில் வந்து இறங்கியவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். பிழைக்க அங்கே போகும்போது எங்கள் மகனையும் அழைத்துக்கொண்டு போனவர், தனியாகத் திரும்பி வந்தார். பர்மாவிலிருந்து காடு மலையெல்லாம் நடந்து வந்ததில் கால் முழுக்கப் புண்.

"புள்ள எங்கங்க?" என்றேன்.

"வழியில" என்றார்.

எந்த வழி, எந்த இடம் என்று மாதக்கணக்கில் கேட்டேன். அவர் வாய் திறக்கவில்லை. பெற்றவளிடம் மண் போட்ட இடத்தைக்கூடச் சொல்ல மாட்டாரா என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது, இரக்கம் வரவில்லை.

பழையபடி பானை வனைய உட்கார்ந்தார். எங்கள் தொழிலில் சுடுவதற்கு முன் விரிசல் விட்ட பானையை யாரும் வீசுவதில்லை. உடைத்துத் தொட்டித் தண்ணீரில் போட்டால் ஊறி மறுபடி மண்ணாகிவிடும். அது என் வேலை. அந்த மண்ணில் கொஞ்சம் எடுத்து, அவர் பத்து நாளாக மூலையில் எதையோ செய்துகொண்டிருந்தார். முழ உயரம், கோணல் மாணல், உடம்பெல்லாம் ஓட்டை.

"இன்னாங்க இது, ரங்கூன் போயி புத்து கட்டக் கத்துக்கினு வந்தீங்களா?" என்று கேலி செய்தேன்.

"முடியட்டும், சொல்றேன்" என்றார். சிரிக்கவில்லை.

ஒருநாள் சட்டி விற்க விழுப்புரம் போயிருந்தார். நான் வழக்கம்போல விரிசல் கண்டவற்றைப் பொறுக்கினேன். மூலையில் அவர் செய்து வைத்திருந்ததன் அடியிலும் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. சூளையில் வைத்தால் பக்கத்துப் பானைகளையும் கெடுக்கும் என்று, அதையும் உடைத்துத் தொட்டியில் போட்டேன்.

சாயங்காலம் வந்தவர் மூலையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"ரங்கூன்ல சீனாக்காரன் கடையில வேல பார்த்தேன் இல்ல, அவன் மேசையில இப்படித்தான் ஓட்ட ஓட்டையா ஒரு கல்லு இருந்திச்சி. அவனுக்கு அதான் அவன் ஊரு மலையாம். தெனம் அதயே பார்த்துக்கினு இருப்பான்" என்றார். தொட்டி ஓரமாக உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "நம்ம புள்ளய ஒரு மலையடியில விட்டுட்டு வந்தேன். வாயால சொல்ல வரல, கையால காட்டலாம்னு பார்த்தேன். அடியில வெடிப்பு இருந்திச்சே, அது நான் கீறனது. அங்கதான் படுத்துக்கினு இருக்கான்."

தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினேன். சேறுதான் வந்தது. மறுபடி செய்யுங்கள் என்று அழுதேன். செய்து பார்த்தார். அந்த மலை அவர் கைக்குத் திரும்ப வரவில்லை.

மண்ணை வீணாக்க முடியாது. அடுத்த வாரம் அதை வெளியே அள்ளிப்போட்டுக் காலால் மிதித்துப் பதமாக்கியவளும் நான்தான்.